பேர் விழாத வேலை

பிரிந்துபோன தாயும் தகப்பனும் பிள்ளை வளர்ப்பில் பங்கெடுக்க வேண்டும் என்பதை மறுப்பவர்கள் குறைவு. அந்தப் பங்கை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் தகராறு. சுவீடனில் பிள்ளைகள் ஒரு வாரம் தாய் வீட்டிலும் மறுவாரம் தகப்பன் வீட்டிலும் இருப்பது சாதாரணம். அவுஸ்திரேலியா 2006இல் பெற்றோர் இருவருக்கும் சமபொறுப்பு என்ற அனுமானத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. பலர் அதை நேரத்தில் சரிபாதி என்று விளங்கிக்கொண்டார்கள். 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அனுமானத்தை எடுத்துவிட்டது. இந்தியச் சட்ட ஆணையமோ 2015இல் தன் 257ஆவது அறிக்கையில் கூட்டுப் பராமரிப்புக்கு இடம் கொடுக்கச் சொன்னது. இந்த நாள்கணக்கு இலங்கையின் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் எடுபடுமா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம் இந்தத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. அவர்களுக்கு உரியது ரோமன் டச்சு மரபில் வந்த பொதுச்சட்டம். விவாகரத்து வேண்டுமென்றால் சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத உடலுறவு இயலாமை ஆகிய மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். பழைய மரபு பிள்ளைமீது தகப்பனுக்கு முதலுரிமை கொடுத்தது. பின்னாளைய தீர்ப்புகள் பிள்ளையின் நலனை அதற்கு மேலே வைத்தன. நடைமுறையில் பெரும்பாலும் பிள்ளை ஒருவரிடம், பார்த்துவரும் உரிமை மற்றவருக்கு. ஒருவர்மீது ஒருவர் பழி சொல்லி வழக்கை நடத்திய இருவரைத்தான், தீர்ப்பு வந்த மறுநாளே பிள்ளைக்காகக் கூடிப் பேசச் சொல்கிறோம்.

வழக்கு வரைக்கும் போகிறவர்களும் எல்லோரும் அல்லர். நீதிமன்றத்துக்கு ஒரு நாள் போனால் அன்றைய சம்பளம் போயிற்று. 2024 செப்டம்பரில் உயர்த்தியபோதும் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாகத்தான் இருந்தது. வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்றம் நடக்கும் மொழி சிங்களம். ஆகவே தோட்டத் தலைவரும் கோயில் கமிட்டியும் கூடிப் பேசித் தீர்க்கிறார்கள். செலவில்லை, தமிழில் நடக்கிறது, ஒரே மாலையில் முடிகிறது. ஆனால் பேசுகிறவர்கள் அநேகமாக ஆண்கள். "பிள்ளைக்காகச் சேர்ந்து இருந்துவிடு" என்ற நெருக்குதல் பெண்ணுக்கே வருகிறது. பேசியது எதுவும் எழுத்தில் இல்லை. தகப்பன் சொன்ன பணத்தைத் தராவிட்டால் கேட்க ஆளில்லை.

பங்கிட்டு வளர்ப்பதில் நன்மை உண்டு. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை எண்ணிப்பாருங்கள். ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான ஒரே லயத்தின் மேல்கோடியில் தகப்பனைப் பெற்ற அப்பாயியின் காம்பரா, கீழ்க்கோடியில் தாயைப் பெற்ற அம்மாயியின் காம்பரா. பையன் இங்கே ரொட்டி தின்று, அங்கே பாடம் எழுதி, தூக்கம் வந்த இடத்தில் படுக்கிறான். பள்ளிக்கூடம் மாறவில்லை, விளையாட்டுக் கூட்டாளிகள் மாறவில்லை. பெண்பிள்ளை பெரியவளானால் தாய்மாமனும் வேண்டும், அத்தையும் வேண்டும். இரு பக்கத்து உறவும் அறுந்துபோகாமல் இருப்பது அவளுக்குச் சொத்து.

அதே லயம்தான் குறையையும் காட்டுகிறது. கூரைத் தகரம் ஒன்று, இடைச்சுவர் மெல்லியது. ஒரு காம்பராவில் ஏசுவது மற்றதில் கேட்கும். கலியாணமாகி வேறு தோட்டத்திலிருந்து வந்த பெண்ணுக்கு இந்த வசதிகூடக் கிடையாது. வீடு புருஷன் பேரில் இருக்கும். பிரிந்தால் அவள் தாய்வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஏற்கெனவே அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும். ஒருவருக்கு வீடும் மற்றவருக்கு வீட்டு மூலையுமாக இருக்கும்போது நாட்களைச் சரிபாதியாக வெட்டுவது நியாயம்போலத் தோன்றும் அநியாயம். நாள்கணக்கு பணக்கணக்காகவும் மாறும்: "நாலு நாள் என்னிடம்தானே இருக்கிறான், செலவுக்கு எதற்குக் காசு?" குடித்துவிட்டு அடித்த புருஷனிடம் வாராவாரம் பிள்ளையைக் கையளிக்கச் சொன்னால், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குத் தந்த பாதுகாப்பும் அந்த வாசலில் கழன்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பங்கீடு என்ற பேச்சே கூடாது.

இன்னொரு வகையில் பங்கிடவே ஆளில்லை. தகப்பன் கொழும்பில் கடையில், தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலையில். 2013இல் அரசு வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் மட்டும் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் அப்போது தடை இருந்தது. கொழும்புக்கு ரயிலேறும் தகப்பனிடம் பிள்ளையை யார் பார்ப்பது என்று எவரும் கேட்டதில்லை. இரண்டு பேரும் போன பிறகு பிள்ளையைப் பார்ப்பவள் அம்மாயி. காய்ச்சலுக்கு பதுளை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவளும் அவளே. தாய் தகப்பன் இருவரை மட்டுமே எண்ணும் எந்த ஏற்பாட்டிலும் அவள் வருவதில்லை.

ஆகவே இங்கே இரவுகளை எண்ணுவதை விட்டு வேலைகளை எண்ண வேண்டும். கிளினிக்குக்கு யார், டியூஷனுக்கு யார், தாய் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு அழைப்பாள், பிள்ளையைக் கையளிப்பது கோயில் வாசலிலா பாலர் பாடசாலையிலா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அம்மாயியின் பெயரும் அதில் இருக்க வேண்டும். பிள்ளைச் செலவு இந்தக் கணக்கோடு சேரக் கூடாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி வசதியுள்ள பெற்றோர் பிள்ளைக்குச் செலவு கொடுத்தே ஆக வேண்டும். கலியாணம் பதிவாகவில்லை என்பதும் சாக்கில்லை. சம்பளத்திலிருந்து நேரே கழிக்க நீதவான் உத்தரவிடலாம். தோட்டத்தின் வேலையாள் பதிவேடான செக்ரோலில் இருப்பவரிடம் இது நடக்கும். கொழும்பில் நாட்கூலிக்கு நிற்பவரிடம் நடப்பது கடினம். அந்த ஓட்டையை என் யோசனையும் அடைக்காது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேராவது விழும். அம்மாயியின் வேலைக்கு அதுவும் இல்லை. அவள் இருப்பதை ஒத்துக்கொள்ளும் காகிதம் ஒன்றே ஒன்று: தவணை முடிவில் வரும் தேர்ச்சி அறிக்கை. அதன் அடியில் 'பெற்றார் அல்லது பாதுகாவலர்' என்று அச்சடித்த கோட்டின்மேல், எழுத்துக் கூட்டி, அவள் கையெழுத்து வைக்கிறாள்.