நாய்க்கடியை எதைக் கொண்டு அளப்பது?

"நம்ம நாய் ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா வாங்க." செய்யார்த் தெருக்களில் அவிழ்த்துவிட்ட நாயைப் பற்றி உரிமையாளர் சொல்லும் சமாதானம் இதுதான். கடித்தபிறகு, "ஊசி போட்டாச்சில்ல, அப்புறம் என்ன?" என்பார். இந்த இரண்டாவது கேள்விக்குச் சட்டமும் சரியான பதில் வைத்திருக்கவில்லை என்பதே என் விமர்சனம்.

2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. உரிமையாளர் கைதானார். அப்போது பொருந்திய இந்திய தண்டனைச் சட்டம் 289-ஆவது பிரிவில் அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291 வந்தது. சிறைக்காலம் அதேதான், அபராதம் மட்டும் 5,000 ஆனது. அதுவும் அரசுக்குப் போகும் பணம். நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டால்தான் கடிபட்டவர் கைக்கு வரும்.

இழப்பீட்டுக்கு ஓர் அளவுகோலைச் சொன்னது பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம். 2023 நவம்பரில், தெருநாய்க்கடிக்கு ஒரு பல்தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்றது. நல்ல தொடக்கம்தான். ஆனால் பல்தடத்தை எண்ணினால் போதுமா?

நம்ம பக்கத்துப் பட்டு நெசவாளியை எடுத்துக்கொள்ளுங்கள். குழித்தறியில் கை ஓட, கால் மிதிக்க வேண்டும். கெண்டைக்காலில் இரண்டே பல் பட்டாலும் தறி நின்றுவிடும். கூலியோ நெய்து முடித்த சேலைக்குத்தான். ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். நின்றுபோன தறிக்கு யார் பணம் தருவார்?

புதிய சட்டத்தின் 116-ஆவது பிரிவிலேயே ஒரு வழி இருக்கிறது. 15 நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனால் அது 'கொடுங்காயம்'. பழைய சட்டத்தில் 20 நாள். நெசவாளிக்கு வழக்கமான வேலை என்றால் தறிதான் என்று நான் வாசிக்கிறேன். அப்படி எடுத்துக்கொண்டால், அஜாக்கிரதையால் கொடுங்காயம் விளைவிப்பதற்கான 125(பி) பிரிவில் 3 ஆண்டுவரை சிறைக்கு இடமுண்டு.

மோட்டார் வாகன விபத்துக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு, கட்டாயக் காப்பீடு உண்டு. யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கலாம். நாய்க்கடிக்கு உரிமையியல் நீதிமன்றப் படி ஏற வேண்டும். தினக்கூலிக்காரர் எத்தனை வாய்தாவுக்கு அலைவார்? பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

ஆகவே கடிபட்டால் புகாரில் காயத்தை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை நாள் தறி நின்றது, எத்தனை சேலை போச்சு, அதையும் எழுதுங்க. டாக்டரிடம் எத்தனை நாள் ஓய்வு என்று எழுதி வாங்குங்க. பல்தடம் ஆறிவிடும், போன நாளுக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.