கடல் இல்லாத ஊரில் உப்பளவு

ஆரணி உள்நாட்டு ஊர். கமண்டல நாக நதிக்கரையில் கடல்மீன் தொட்டி வைப்பவர் கடலையே வீட்டில் கரைத்தெடுக்க வேண்டும். அந்த வேலையில் நான் வியப்பது உப்புமானியின் சிறு முனையை. அது உப்பை நேரடியாக அளப்பதில்லை. நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்க்கிறது. 25 டிகிரி செல்சியஸில், சென்டிமீட்டருக்கு சுமார் 53 மில்லிசீமன்ஸ் என்றால், ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு: அசல் கடல்! வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். அதனால், பட்டுக்குச் சாயம் காய்ச்சுபவர் சூட்டைக் கவனிப்பதுபோல, அளவு சரிபார்க்கும் கரைசலையும் தொட்டி நீரின் சூட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. முனையின் இடுக்கில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அளவு குறைத்துக் காட்டும். மெல்ல ஆட்டிவிட்டுத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். சுண்ணாம்புப் படிவு ஏறிவிட்டதா? வினிகரில் சற்று ஊறவைத்து, நல்ல நீரில் அலசி, மறுபடி சரிபார்த்துக்கொள்ளலாம்.