காசு கேளாக் கதவுகள்

"இலண்டனில் நான்கு நாள்கள் காட்சிச்சாலைகளிலேயே கழித்தேன். வாயிலில் ஒருவரும் ஒரு காசு கேட்டாரில்லை!" என்றார், அண்மையில் சீமை சென்று திரும்பிய மதுரை நண்பர் ஒருவர். அவ்வளவு பொருளையும் காட்டிவிட்டுச் சும்மா அனுப்புகிறானே, அவன் கெட்டிக்காரனா ஏமாளியா என்பது அவருக்கு எழுந்த ஐயம். நாம் நகைத்தோம். ஏமாளி அல்லன் என்பது அவன் காட்டும் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தாலே விளங்கும். ஆயினும் நண்பரின் வியப்பு நம்மை விட்டு அகலவில்லை. அறிவைக் காசின்றிக் காட்டுவது என்ற எண்ணம் எப்படித் தோன்றியது? அது நம் மதுரைக்கு வந்து சேர்ந்ததா? வந்திருந்தால் எந்த வாயில் வரை வந்தது?

பிரிட்டிஷ் மியூசியம் 1753-இல் சட்டத்தால் நிறுவப்பட்டு, 1759 சனவரி 15-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நுழைவுக்குக் கட்டணம் இல்லை என்பது அன்றே கொண்ட கொள்கை. 1974-இல் சில திங்கள் கட்டணம் பெற்றுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை, கைவிட்டார்கள். 1980-களில் கட்டணம் விதிக்கத் தொடங்கிய வேறு சில தேசியக் காட்சிச்சாலைகளும் 2001-இல் அதை நீக்கிக்கொண்டன. பாரிசிலோ வரலாறு இன்னும் சுவையானது. அரசனின் மாளிகையாக இருந்த லூவர், புரட்சிக்குப் பின் 1793 ஆகஸ்டு 10-இல் மக்களின் காட்சிச்சாலையாயிற்று. மன்னன் உலவிய கூடத்தில் செருப்புத் தைப்பவன் உலவினான். ஓவியங்களை அண்ணாந்து பார்த்தான். அந்த லூவர் இன்று கட்டணம் பெறுகிறது. புரட்சி செய்த ஊரில் சீட்டு. அரசியைப் போற்றி வந்த ஊரில் சீட்டில்லை. வரலாறு இப்படியும் குறும்பு செய்யும்.

ஆனால் இலண்டனைப் புகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். 1759-இல் அந்த வாயில் காசு கேட்கவில்லை, விண்ணப்பம் கேட்டது. இன்னார், இன்ன ஊர், இன்ன தகுதி என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்துச் சீட்டுப் பெற வேண்டும். எழுதத் தெரியாத ஏழைத் தொழிலாளிக்குக் காசில்லாத அந்தக் கதவும் மூடிய கதவே. காசு கேளாக் கதவு வேறு, திறந்த கதவு வேறு. அந்த வேறுபாடு கரைய அந்த நாட்டிற்கே நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

உள்ளே இருப்பன யாவை? எகிப்தின் கல், கிரேக்கத்தின் சிலை, கிருட்டிணைக் கரையில் பௌத்தர் எழுப்பிய அமராவதித் தூபத்தின் சிற்பப் பலகைகள், சோழர் காலத்து ஆடவல்லான் செப்புத் திருமேனி ஒன்று. தொடக்கத் தொகுப்பைத் தந்த ஆன்சு சுலோனின் செல்வத்தில் ஒரு பங்கு, அவர் மனைவி வழி வந்த சமைக்காத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையால் விளைந்தது. நம் பாட்டன் பொருளை நாம் இலவசமாகக் காணலாம். விமானக் கட்டணமும் விசாவும் நம் செலவு! 'இலவசம்' என்னும் சொல்லைப் படிக்கும்போது, யாருக்கு இலவசம் என்ற கேள்வியையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

இலண்டன் இருக்கட்டும். மதுரைக்கே உரிய ஒரு மண்டபம் இன்று அமெரிக்காவில் நிற்கிறது என்பதை நம் இளைஞர் எத்தனை பேர் அறிவர்? மதுரை மதனகோபாலசாமி கோயிலைச் சேர்ந்த, 16-ஆம் நூற்றாண்டுத் தூண் மண்டபம் அது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த அடிலைன் பெப்பர் கிப்சன் என்னும் சீமாட்டி, கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த கற்களைக் கண்டு, 1912-இல் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். 1919-இல் அவை அந்நகரத்துக் காட்சிச்சாலைக்குக் கொடையாயின. நார்மன் பிரவுன் என்னும் அறிஞர் அந்த மண்டபத்தைப் பற்றியே 1940-இல் ஒரு தனிநூல் எழுதினார். இங்கே கற்குவியலாய்க் கிடந்தது, அங்கே ஒரு புலவன் வாழ்நாளில் ஒரு பகுதியைச் செலவிடும் பொருளாயிற்று.

இதைக் கேட்டவுடன் குருதி கொதிப்போர் உண்டு. வாங்கியவர் மீது சினம் கொள்வது எளிது. விற்றவர் யார் என்று கேட்பதுதான் கடினம். மூலவருக்கு நாள்தோறும் பாலும் தேனும் ஆறாய் ஓடிய நாட்டில், அந்த மூலவருக்கு வீடு கட்டிய கல்தச்சனின் கைவண்ணம் குப்பையாய்க் குவிந்து கிடந்தது. கல்லைக் கடவுளென்று கும்பிட்ட கூட்டத்திற்குக் கல்லைக் கலையென்று காணும் கண் இல்லாமற் போயிற்று. பூசைக்கு ஆகாத கல் வெறுங்கல் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கினால்தான் நம் தச்சனின் உளி மணம் இன்று கடல் கடந்து வீசுகிறது. அதைக் காண மதுரைக்காரன் போனால், பெரும்பாலான நாள்களில் டாலரில் சீட்டு வாங்க வேண்டும்.

காட்சிச்சாலை என்பது ஏன் நமக்கு இவ்வளவு முதன்மையானது என்று சிலர் கேட்கக்கூடும். மதுரையில் இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1939 சூலை 8-இல் வைத்தியநாத ஐயரின் முயற்சியால் தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் மீனாட்சி கோயிலுள் நுழைந்தனர். அதற்கு முந்திய நாள் வரை, அந்தக் கோபுரங்களைக் கட்டச் சுண்ணாம்பு இடித்தவனின் பேரனுக்கு உள்ளே இடமில்லை. வாயிலில் கேட்கப்பட்டது காசன்று, பிறப்பு. காட்சிச்சாலை அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. யார் வேண்டுமானாலும் சிலைக்கு ஒரு முழம் அருகில் நின்று, விரலின் வளைவையும் இடையின் ஒசிவையும் கண்ணாரக் காணலாம். இடையில் தட்டேந்துவார் இல்லை. இன்று அக்கோயிலின் ஆயிரங்கால் மண்டபமும் காட்சிக்கூடமாக இருக்கிறது. எண்ணினால் தூண்கள் 985 என்பர். பெயரளவில் பதினைந்து தூண் கூடுதல்! அதற்கும் சீட்டுண்டு. ஆனால் அந்தச் சீட்டு சாதி பார்ப்பதில்லை. ஒரு கேள்வியிலிருந்து இன்னொரு கேள்விக்கு வந்திருக்கிறோம்; இரண்டாவது கேள்வியும் போக வேண்டும் என்பதே நம் வழக்கு.

காசு கேளாக் கதவு மதுரையில் இல்லாமலில்லை. இராணி மங்கம்மாளின் பெயரோடு விளங்கும் தமுக்கம் மாளிகையில் 1959 ஏப்ரல் 15-இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம், கட்டணமின்றி மக்களை வரவேற்பது. அரசியின் கோடை மாளிகை, பின்பு வெள்ளை அதிகாரிகளின் இருப்பிடம், அதன்பின் மக்களின் கூடம். லூவரின் கதை நம் வைகைக் கரையிலும் நடந்திருக்கிறது என்று பெருமிதம் கொள்ளலாம். விடுதலைப் போரை வரிசைப்படுத்திச் சொல்லும் படத்தட்டிகள் அங்கே இருக்கின்றன. நிதானமாகப் படிப்பவனுக்கு ஒரு நூல் படித்த பயன் கிட்டும். 1921 செப்டம்பர் 22-இல், மதுரை மேலமாசி வீதி வீட்டில், காந்தியார் மேலாடை துறந்து உழவனின் உடைக்கு மாறினார் என்பதை அறிந்து அங்கே செல்பவனுக்கு அந்தக் கூடம் தன் ஊர்க் கதையாகிவிடும்.

அங்கே பெருங்கூட்டம் நிற்பது எங்கே? குண்டு பாய்ந்தபோது அணிந்திருந்த குருதி தோய்ந்த துணியின் முன். நாம் சென்றிருந்த நாளில் பலர் கைகூப்பி நின்றனர். ஓர் அம்மையார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் அன்பை நாம் பழிக்கவில்லை. ஆனால் கொலையுண்ட ஒருவரின் துணி வணங்குவதற்கா வைக்கப்பட்டது? மதவெறி ஒரு முதியவரின் மார்பைத் துளைத்தது எவ்வாறு, எந்த நச்சு எந்த நெஞ்சில் எத்தனை ஆண்டு ஊறி அந்தத் துப்பாக்கியாயிற்று என்று சிந்திப்பதற்கன்றோ? கும்பிட்ட கை கேள்வி கேட்காது. சான்றுப் பொருளைத் திருவுருவாக்கிவிட்டால் காட்சிச்சாலையும் கருவறையாகிவிடும். இது அக்கூடத்தை நடத்துவோர் குறையன்று. பார்க்கப் போகும் நம் குறை.

இந்தக் குறையை எதிர்த்தரப்பார்மீது மட்டும் சுமத்தித் தப்பிக்கவும் முடியாது. கீழடிக்கு வாருங்கள்.

மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்து எல்லைக்குள், தென்னந்தோப்புகளுக்கிடையே 2014-15-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கிய இடம். 2018 முதல் தமிழக அரசின் தொல்லியல் துறை தொடர்ந்த இடம். 2023 மார்ச் 5-இல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பதினெட்டுக் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவு, செட்டிநாட்டுப் பாணிக் கட்டடம். நாம் கண்ட காட்சிச்சாலைகளுள் பொருளை அறிவோடு அடுக்கிய சிறந்த கூடம் இது என்று தயங்காது சொல்வோம். அங்கே அரசன் இல்லை, போர் இல்லை. தக்களி, தாயக்கட்டை, சுடுமண் உறைகிணறு, சில்லு, பாசிமணி: உழைத்தவனும் நூற்றவளும் விளையாடிய பிள்ளையும் விட்டுச்சென்றவை. பானை ஓட்டில் 'ஆதன்' என்று எழுதியிருக்கிறான் ஒருவன். மன்னனின் மெய்க்கீர்த்தியன்று, பானைக்குடையவனின் பெயர். எழுத்து ஒரு சிலரின் தனியுடைமை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் அங்கும் ஒரு கூட்டம் கைகூப்புகிறது. 'உலகின் முதல் நாகரிகம்' என்று முழங்கிவிட்டு, ஓடு எதையும் பாராமல், வாயிலில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறது. 2019-இல் வெளியான அறிக்கை சொல்வது என்ன? 353 செண்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றின் கரிமக் கணக்கு கி.மு. 580 என்று காட்டுகிறது. இது பெரிய செய்தி. தமிழி எழுத்தின் காலத்தையே முன்னுக்குத் தள்ளும் செய்தி. அந்தச் செய்திக்குரிய மதிப்பு அதன் அளவில் இருக்கிறது. அளவை மீறி ஊதினால், மாற்றார் ஓர் ஊசியால் அதைக் குத்திவிடுவர். வழிபாட்டுப் பொருளென்று ஐயமின்றிச் சொல்லத்தக்கவை வெளிப்படவில்லை என்பது பகுத்தறிவாளர் விரும்பிப் பேசும் செய்தி. நாமும் பேசியிருக்கிறோம். எனினும் தோண்டியது பரப்பில் சிறு பகுதி. நாளை ஒரு குழியில் ஒரு சிலை கிடைத்தால் நம் கொள்கை இடிந்துவிடுமா? இடியாது என்பவனே அந்தச் சான்றைத் துணிவோடு பார்க்கத் தகுந்தவன். முதல் இரு கட்டங்களை அகழ்ந்த அமர்நாத் இராமகிருட்டிணன் 2023 சனவரியில் அளித்த 982 பக்க அறிக்கை, 2025-இல் திருத்தித் தருமாறு திருப்பப்பட்டதைக் கண்டு நாடு கொதித்தது. சான்றைத் திருத்தச் சொல்வோரை எதிர்க்க வேண்டுமாயின், நாம் சான்றைப் பெருக்கிச் சொல்லாதிருத்தல் வேண்டும்.

கீழடியில் சிறு தொகைக்குச் சீட்டுண்டு. தொகை சிறிதுதான். ஆனால் 2021 மே முதல் நம் பெண்கள் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்கின்றனர். பேருந்து கேட்காத காசைப் பானையோடு கேட்பானேன்? அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கேனும் அந்தச் சீட்டு நீங்கட்டும்.

காசை நீக்கினால் எல்லாம் முடிந்ததா? பெயர் சொல்ல விரும்பாத ஒரு காட்சிச்சாலையில் நாம் கண்டது இது. கட்டணம் இல்லை. அழுக்குச் சட்டையணிந்த சிறுவன் ஒருவன் கண்ணாடிப் பெட்டியில் மூக்கு உரச நின்று நெடுநேரம் ஒரு வாளைப் பார்த்தான். காவலர் வந்தார். "பாத்தாச்சுல்ல? கெளம்பு, கெளம்பு" என்றார். பக்கத்திலேயே கைப்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைக்காரரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. 1759-இன் விண்ணப்பச் சீட்டு இன்னும் ஒழியவில்லை, சட்டையில் எழுதப்பட்டிருக்கிறது.

கதவே இல்லாத காட்சிச்சாலைகளும் மதுரையைச் சுற்றி உண்டு. மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் பெயர் தமிழி எழுத்தில் ஈராயிரம் ஆண்டுகளாக மழையில் நனைகிறது. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகனும், கொழு வணிகனும், அறுவை வணிகனும் தம் தொழிலைச் சொல்லிப் பெயர் பொறித்திருக்கின்றனர். ஆற்றில் அழகர் இறங்குவதைக் காண இலட்சக்கணக்கில் திரளும் மக்களுள், அந்த உப்பு வணிகனைப் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? கீழக்குயில்குடிச் சமணர் மலையில் மகாவீரரின் திருவுருவைச் செட்டியார் என்று கருதி அவ்விடத்தைச் 'செட்டிப்புடவு' என்று மக்கள் அழைத்தனர் என்பர். பெயர்ப்பலகை இல்லாத காட்சிச்சாலையில் மக்களே பலகை எழுதிக்கொண்டனர்! இம்மலைகளுக்கு வந்த கேடு கட்டணமன்று, வெடி. 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் உள்ளடக்கி டங்சுடன் சுரங்கத்திற்கு 2024-இல் ஏலம் விடப்பட்டது. மேலூர் வட்டாரத்து உழவர் திரண்டு மதுரை வரை நடந்தனர்; 2025 சனவரியில் ஏலம் நீக்கப்பட்டது. கல்வெட்டைப் படிக்கத் தெரியாதவர் பலர் அந்த ஊர்வலத்தில் இருந்தனர். காத்தவர் அவர்களே.

சென்ற முறை கீழடிக்குச் சென்றபோது, உறைகிணற்றின் முன் ஒரு மூதாட்டியும் பள்ளிச் சீருடையில் பேத்தியும் நின்றிருந்தனர். பேத்தி பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "அப்பத்தா, இது என்ன அப்பத்தா, வளையம் வளையமா?" மூதாட்டி பலகையைப் பாராமலே சொன்னார்: "உறைடீ. எங்க அய்யா வெள்ளாமைக்குக் கெணறு வெட்டையில இப்பிடித்தான் ஒண்ணு மேல ஒண்ணா எறக்குனாக. மணலு சரியாம இருக்க. கீழ் உறைய வச்சுட்டு உள்ளாற மண்ணத் தோண்டத் தோண்ட அது தானா எறங்கும்." சுற்றி நின்ற நான்கைந்து பேர் காது கொடுத்தனர். கையில் குறிப்பேடு வைத்திருந்த கல்லூரி மாணவன் ஒருவன், "அந்தக் கடைசியைத் திரும்பச் சொல்லுங்க அம்மா" என்று கேட்டு எழுதிக்கொண்டான்.