சுவரில் ஒரு தோட்டம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி எழும்பியுள்ள வாடகைக் குடியிருப்புகளில் தோட்டத்திற்கு இடமில்லை. துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே இரண்டு பூந்தொட்டிகள் வைக்க முடிந்தால் அதுவே பெரிது. நிலம் மறுத்ததைச் சுவரிலாவது பெற விரும்புகிறோம். ஆகவே, நவீன ஓவியர்கள் தீட்டிய தோட்டங்களின் அச்சுப்படங்களை வாங்கிச் சட்டமிட்டு மாட்டுகிறோம். 'கண்ணுக்குக் குளிர்ச்சி' என்று கூறி விற்கப்படும் இப்படங்கள் உண்மையில் எத்தகையவை என்பதைச் சற்று ஆராய்வோம்.

வின்சென்ட் வான்கோவின் 'ஐரிஸ் மலர்கள்' பலரும் விரும்பும் படம். 1889ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சு நாட்டின் சான் ரெமி மனநோய் விடுதியில் தாமாகவே சேர்ந்த வான்கோ, முதல் நாட்களில் அதன் மதிலுக்கு வெளியே செல்லவில்லை. உள்ளேயிருந்த தோட்டமே அவருக்கு உலகமாயிற்று. நீல மலர்க் கூட்டத்தினிடையே ஒரேயொரு வெள்ளை மலர் தனித்து நிற்கிறது. இடம் சுருங்கிய ஒருவர், கண்முன் இருந்த சிறு மண்ணை முழு மனத்தோடு பார்த்ததன் பயன் இது. குளிர்ச்சியிலிருந்து பிறந்த படமன்று. தவிப்பின் நடுவே பழகிய கவனத்திலிருந்து பிறந்தது.

நம்மை இன்னும் நெருங்கித் தொடுவன அவருடைய ஒலிவத் தோப்புகள். 1888இல் ஒலிவத் தோட்டத்தில் இயேசுவை வரைய இருமுறை முயன்று, இருமுறையும் வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார். நேரில் காணாத உருவத்தைக் கற்பனையால் வரைய அவர் மனம் ஒப்பவில்லை. மறு ஆண்டில் நண்பர் கோகேன் அக்காட்சியை வரைந்தபோதும் வான்கோ அதனை ஏற்கவில்லை; தாம் தோப்புகளுக்குச் சென்று, முறுகிய மரங்களையே தீட்டினார். கெத்சமனியின் வேதனையை மனித உருவமின்றி மரமும் மண்ணும் சொல்லக்கூடும் என்பதை அப்படங்களில் காண்கிறோம். இவற்றை வெறும் பச்சை அலங்காரமாக மாட்டுவது, செபத்தை மெட்டுக்காக மட்டும் கேட்பதைப் போன்றது.

ஆன்ரி மத்தீஸின் நிலை வேறு. 1941இல் பெரும் அறுவை சிகிச்சைக்கு உள்ளான அவர், பிற்காலத்தில் வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரித்து, இலைகளாலும் கனிகளாலும் தம் அறையின் சுவர்களையே தோட்டமாக்கினார். 1952இல் உருவான 'கிளியும் கடற்கன்னியும்' ஏழரை மீட்டருக்கும் அதிக நீளமுடையது. நடக்க இயலாதவர் உலவுவதற்கென அமைத்த தோட்டம் அது. அதனை இரண்டு அடித் தாளில் சுருக்கினால் இலைகள் எஞ்சுகின்றன. உலவும் இடம் மறைந்துவிடுகிறது. 'ஐரிஸ் மலர்கள்' மூலப்படமோ ஏறத்தாழ மூன்றடி அகலமே. அதனை உரிய அளவிலேயே நம் கூடத்தில் மாட்டலாம். எனவே அச்சில் வான்கோ பெரிதும் பிழைக்கிறார். மத்தீஸ் பெரிதும் இழக்கிறார் என்பதே நம் கணிப்பு.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். வெயில் படும் சுவரில் தொங்கும் பழைய நாட்காட்டிப் படம் நீலம்பாரித்துப் போவதை நாம் அறிவோம். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறுவதே காரணம். மூலப்படங்களும் இதற்கு விலக்கல்ல. இன்று நீலமாகத் தெரியும் அந்த ஐரிஸ் மலர்கள் தொடக்கத்தில் ஊதா நிறத்தவை. அவற்றில் கலந்த சிவப்பு வெளிறிவிட்டதென லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி அருங்காட்சியகத்தின் ஆய்வு காட்டியுள்ளது. ஆகவே, படத்தைச் சன்னலுக்கு எதிரே மாட்டாதிருப்பது நலம்.

தொலைநாட்டுத் தோட்டங்களோடு நம் பார்வை நின்றுவிட வேண்டியதில்லை. கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சென்னை ஓவியர்கள் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை நிறுவினர். பாத்திக் துணிகள் போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத் தங்கள் வாழ்வுக்கு வழி செய்துகொண்டனர். மணலில் மரமும் கலையும் சேர்ந்து வளர்ந்த அவ்விடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் சென்னை ஓவியர்களுக்கும் ஓர் இடம் வேண்டாமா?

இறுதியாக ஓர் எச்சரிக்கை. சுவரில் தோட்டம் வந்துவிட்டதென்று தெருவில் மரம் இல்லாததை மறந்துவிட்டால், அந்தப் படம் நம்மைத் தூங்கவைக்கும் மருந்தாகிவிடும். உலைகளின் வெப்பத்தில் உழைத்துத் திரும்புவோருக்கு நிழல் உரிமையன்றோ? நல்ல படம் நம் கண்ணைக் கூர்மையாக்குகிறது. வான்கோவின் ஒற்றை வெள்ளை மலரைப் பார்த்துப் பழகிய கண், தொழிற்சாலை மதிலோரம் புழுதி படிந்து பூத்து நிற்கும் நித்தியகல்யாணியையும் காணும். கண்டபின் அதற்கு ஒரு குவளை நீர் வார்க்கத் தோன்றுமானால், படத்திற்குக் கொடுத்த விலை வீணாகவில்லை.