பெர்மிட்டும் பள்ளிக்கூட வாசலும்

ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமக'னைப் படித்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அதற்கு 1958-ல் சாகித்திய அகாதமி பரிசும் கிடைத்தது. அடுத்த வருஷமே, எண்பது வயதில், அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அதன் பின் 'கல்கி'யிலும் 'சுவராஜ்யா'விலும் அவர் எழுதிக் குவித்த அரசியல் கட்டுரைகளை இன்று யாரும் தேடிப் படிப்பதாகத் தெரியவில்லை. அரசியல் பழசாகிவிட்டால் எழுத்தும் பழசாகிவிடும் என்ற எண்ணம் நமக்கு. இந்தக் கட்டுரைகள் விஷயத்தில் அந்த எண்ணம் சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

கவர்னர் ஜெனரலாகவும் முதன் மந்திரியாகவும் இருந்து ஓய்ந்தவர், கடைசிக் காலத்தில் எதிர்க்கட்சிக்காரராக நின்று சொன்னது என்ன? தேர்தலைச் சீர்படுத்து, தொழிலை அவிழ்த்து விடு, திறமையுள்ளவனைத் தடுக்காதே. முதல் இரண்டையும் அவரே விரித்து எழுதினார். மூன்றாவது அவருடைய வாதத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

தேர்தலைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு வேடிக்கை உண்டு. எதையும் சர்க்கார் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதாடியவர், தேர்தல் தனியார் தொழிலாக நடக்கிறது, முதன்முதலில் தேசீயமயமாக்க வேண்டியது இதைத்தான் என்று எழுதினார். சொந்தப் பணத்தையோ பிறர் பணத்தையோ கொட்டி ஜெயித்தவன் போட்டதை எடுக்கத்தான் பார்ப்பான். ஆகவே செலவைப் பொதுப் பணத்தில் வைத்துவிட வேண்டும் என்பது வாதம்.

தொழிலைப் பற்றி அவர் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த சொற்றொடராகிவிட்டது: பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம். 1951-ம் வருஷத்துத் தொழில் சட்டத்தின்படி, பெரிய தொழிற்சாலை வைக்க லைசென்ஸ் வேண்டும். அதை விரிவாக்கவும் லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டிலிருந்து யந்திரம் தருவிக்க வேறோர் அனுமதி. எல்லாவற்றுக்கும் டில்லியில் காத்துக் கிடக்க வேண்டும். கொடுக்கிற கை ஆளும் கட்சியின் கை. வாங்குகிறவன் தேர்தல் சமயத்தில் சும்மா இருக்க முடியுமா? இந்த இடத்தில்தான் முதல் நோயும் இரண்டாவது நோயும் ஒன்றாகின்றன. இதைக் கண்டு சொன்னது அவருடைய பெரிய சாதனை. 1957-ல் நூற்றுக்கு 48 வோட்டுக்கூடப் பெறாத காங்கிரஸ், 494 லோக் சபை இடங்களில் 371-ஐப் பிடித்திருந்தது. அத்தனை பலத்தின் எதிரே நின்று இதைச் சொல்லத் தைரியமும் வேண்டும்.

அவருடைய எழுத்து முறையும் இதற்கு ஏற்றது. கதை சொல்கிற பாட்டியைப் போலச் சின்ன வாக்கியங்கள், கூச்சல் கிடையாது. வசவுக்குப் பதில் ஓர் உவமை வரும். ஆனால் உவமைக்கு ஒரு குணம் உண்டு. தனக்கு ஒத்துவராததை அது மெல்ல வெளியே நிறுத்திவிடும். சுதந்திராக் கட்சிக்கும் பெரிய கம்பெனிகளின் நன்கொடை வந்தது. மாஜி மன்னர் குடும்பங்களின் செல்வாக்கும் இருந்தது. பிறர் வீட்டுப் பணப்பெட்டியைச் சோதித்த அதே கண்ணால் தம் கட்சியின் பெட்டியையும் அவர் சோதித்திருந்தால், வாதம் இன்னும் கூர்மையாகியிருக்கும்.

மூன்றாவதற்கு வருகிறேன். தடைகளை நீக்கினால் திறமை தானே தழைக்கும் என்பது அவர் கட்சியின் நம்பிக்கை. அதற்குச் சாட்சியம் இல்லாமல் இல்லை. ஹர் கோவிந்த் குரானா இங்கிலாந்தில் படித்துவிட்டு 1949-ல் இந்தியா திரும்பினார். வேலை கிடைக்காமல் மறுபடி கப்பலேறினார். 1968-ல் அவர் நோபல் பரிசு பெற்றபோது அமெரிக்கப் பிரஜை. வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்களுக்காக 1958-ல் சர்க்கார் ஒரு விஞ்ஞானிகள் திட்டமே ஏற்படுத்த வேண்டியிருந்தது.

ஆனால் கப்பலேறியவன் கணக்கில் வருகிறான். பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டவன் எந்தக் கணக்கில் வருவான்? 1953-ல் முதன் மந்திரியாக இருந்த இதே ராஜாஜிதான், கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று திட்டம் போட்டார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: பள்ளிகள் போதவில்லை, பணமும் இல்லை, இரண்டு வேளையாகப் பிரித்தால் அதே கட்டடத்தில் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்ற கணக்கு அதில் இருந்தது. ஆனால் சலவைத் தொழிலாளியின் மகன் மத்தியானம் துறைக்குப் போவான், வக்கீலின் மகன் எங்கே போவான் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் விடை இல்லை. நாடு அதைக் குலக்கல்வி என்று கூப்பிட்டது. 1954-ல் அவர் பதவியை விட்டார். காமராஜ் திட்டத்தைக் கைவிட்டார்.

வியாபாரிக்கு எவனும் அனுமதிச் சீட்டு கொடுக்க வேண்டியதில்லை என்று 1959-ல் முழங்கியவர், குழந்தைக்கு அதன் பிறப்பே ஓர் அனுமதிச் சீட்டாக இருப்பதைக் காணவில்லை. அந்தக் கோட்டா டில்லியில் தயாரானதல்ல; அதைவிடப் பழையது. சர்க்கார் விலகிக்கொண்டால் அது தானாக விலகாது. அதை விலக்கச் சர்க்கார்தான் பள்ளிக்கூடம் கட்டி, ஆசிரியரை அனுப்பி, சோறும் போட வேண்டியிருந்தது. சுதந்திராக் கட்சி 1967-ல் லோக் சபையில் 44 இடம் பெற்று, 1971-ல் எட்டாகச் சுருங்கியதற்குக் காரணங்கள் பல. ஏழைக்கு அந்தக் கட்சி தன் கட்சியாகத் தோன்றவே இல்லை என்பதும் அவற்றில் ஒன்று என்று நினைக்கிறேன்.

1972-ல் ராஜாஜி காலமானார். 1991-ல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் ஒழிந்தது. அந்த வழக்கில் அவர் ஜெயித்துவிட்டார். தேர்தல் வழக்கு இன்னும் முடியவில்லை. கம்பெனி நன்கொடை 1969-ல் தடைசெய்யப்பட்டது, 1985-ல் திரும்பி வந்தது; கொடுத்தவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்றது. தேர்தல் செலவைப் பொதுப் பணத்தில் வைப்பது இன்னும் யோசனையாகவே இருக்கிறது. மூன்றாவது வழக்கில் மட்டும், அவரை எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது.

ஆகவே அந்தக் கட்டுரைகளைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் படியுங்கள். பணமும் பதவியும் எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன என்பதை அவ்வளவு தெளிவாகச் சொன்னவர் அதிகம் பேர் இல்லை. படிக்கும்போது, மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்தக் கிராமத்துப் பையனையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு படியுங்கள்.