இறந்தோரே, எழுமின்!

முதல் உலகப் போரை வெறுத்த பெல்ஜிய ஓவியர் பிரான்சு மாசரீல் (1889–1972), நடுநிலை நாடாகிய சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர். 1917இல் அவர் ஆங்கு வெளியிட்ட பத்து மரச்செதுக்கு அச்சோவியங்களின் தொகுதி, 'இறந்தோரே, எழுமின்!' என்னும் பெயருடையது. பிரெஞ்சு மக்கள் வீரமுழக்கமாகப் போற்றிய அத்தொடரையே அவர் அங்கதமாக்கினார். முழக்கங் கேட்டு எழுந்தவர் யாவர்? தலையற்ற வீரர் இருவர். அவர்கள் சுமந்து செல்லும் தூக்குப்படுக்கையிற் கிடப்பன அவர்தம் தலைகளே!

மரப்பலகையிற் செதுக்காது விட்ட பகுதி மையேற்றுக் கருமையாகும்; செதுக்கிய பகுதி வெண்மையாகும். இடைநிறம் இல்லை. துயர் காட்டும் முகமும் ஈண்டு இல்லை. ஆயினும் கடமை தவறாது நடக்கும் அக்கவந்தங்களின் நடையே, கண்ணீர் வடிக்கும் முகங்கள் பலவற்றினும் மிகுதியாகப் பேசுகிறது. இது கேலிச்சித்திரத்தை ஒட்டியது எனின், அது குறையன்று. 'லா ஃபெய்' என்னும் ஜெனீவா நாளிதழுக்கு அவ்வாண்டிலேயே போரெதிர்ப்புச் சித்திரங்கள் வரையத் தொடங்கியவருக்கு, பார்த்த நொடியே பொருள் விளங்கவேண்டும் என்பது தொழில்நெறி. அடுத்த ஆண்டில், ஒரு தொழிலாளியின் வாழ்வையும் சாவையும் ஒரு சொல்லும் இன்றி, 25 அச்சுகளிலேயே அவரால் கூற முடிந்தது.