உழுமண்ணும் வரலாற்றுரிமையும்: கேட்பரிக் குன்றரண் ஆய்வுகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள கேட்பரிக் குன்றரண் உழவினால் மேலடுக்குகளை இழந்த ஒரு தொல்லிடமாகும். அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளின் முடிவுகள் 1972, 1995, 2000 ஆகிய ஆண்டுகளில் நூல்களாக வெளிவந்தன. சிதைந்த மண்ணடுக்கிலிருந்து அந்நூல்கள் பெறும் முடிவுகள் எந்த அளவுக்குச் சான்றால் தாங்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குன்றரண், உழுமண், தூண்குழி, மண்ணடுக்கு, இரும்புக் காலம், கேட்பரி.

முன்னுரை

தொல்லிடங்களை அழிப்பது உழவு என்பது தொல்லியலாரிடையே நிலைபெற்ற கருத்து. கேட்பரியைப் பொறுத்தவரை இக்கருத்து பாதி உண்மையே. தென் கேட்பரி என்னும் சிற்றூரை அடுத்து எழும் இக்குன்றின் உச்சி ஏறத்தாழ 18 ஏக்கர் பரப்புடையது; நான்கு மண்ணரண்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. ஜான் லேலண்ட் 1542இல் இதனை ஆர்தர் மன்னனின் கேமலாட் எனக் குறித்தார். 1913இல் செயின்ட் ஜார்ஜ் கிரே இங்குச் சிறு அளவில் அகழ்ந்தார். ஆயினும், இவ்விடத்தின் பெருமுக்கியத்துவம் வெளிப்பட்டது 1950களில் உச்சி உழப்பட்டபோதுதான். உழுசாலில் மேலெழுந்த பானை ஓடுகளுள் சில, டின்டாஜலில் கிடைத்த மத்திய தரைக்கடல் இறக்குமதிக் கலங்களை ஒத்தவை என்பதை ராலே ராட்ஃபோர்ட் கண்டறிந்தார். 1965இல் கேமலாட் ஆய்வுக் குழு அமைந்தது. 1966 முதல் 1970 வரை லெஸ்லி ஆல்காக் பேரகழாய்வை நடத்தினார். ஆக, எந்த உழவு சான்றைக் குலைத்ததோ அதுவே ஆய்வுக்கான வினாவையும் எழுப்பித் தந்தது. இந்த இருமை, பின்வந்த நூல்களில் போதிய அளவு கருதப்படவில்லை.

உழவு விட்டுச்சென்றவை

சுண்ணாம்புப் பாறையின் மீது மெல்லிய மண்போர்வை கொண்ட குன்றுச்சியில் உழவு நெடுங்காலம் நிகழும்போது முதலில் மறைவன தளங்களும் அடுப்புகளும் நடைபாதைகளும் ஆகும். பாறைக்குள் வெட்டப்பட்ட தூண்குழிகள், சேமிப்புக் குழிகள், சுவர்ச்சால்கள் ஆகியவற்றின் அடிப்பகுதிகளே எஞ்சும். புதிய கற்காலக் குழியும் இரும்புக் கால வீட்டின் தூண்குழியும் ஆறாம் நூற்றாண்டுக் கட்டடத்தின் குழியும் ஒரே பாறைப்பரப்பில் அருகருகே தோன்றும். அவற்றின் முன்பின் வரிசையை உணர்த்தியிருக்கக் கூடிய இடையடுக்குகள் அனைத்தும் உழுமண் என்னும் ஒற்றைக் கலவையாகிவிட்டன.

எனினும் உச்சி முழுவதும் ஒரே நிலையில் இல்லை. சரிவில் இறங்கிய மண் உள்ளரணின் பின்புறம் தேங்கி, அங்கிருந்த அடுக்குகளை ஏரின் கொழுவுக்கு எட்டாதவாறு மூடிக்காத்தது. ஆகவே கேட்பரியில் ஒன்றல்ல, இருவகைச் சான்றுகள் உள்ளன: அரணோரத்தில் அடுக்கு நிலைபெற்ற சான்று, உச்சியில் அடுக்கிழந்த சான்று. இவ்விரண்டுக்கும் ஒரே உறுதியை வழங்குவது முறையாகாது.

ஆல்காக்கின் மண்டபம்

1972இல் ஆல்காக் வெளியிட்ட நூலின் மையக் கண்டுபிடிப்புகள் இரண்டு. ஒன்று, ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் உள்ளரண் மீண்டும் வலுப்படுத்தப்பட்டது. மற்றொன்று, உச்சியில் ஏறத்தாழ 19 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட மரமண்டபம் ஒன்று நின்றது. முதல் கூற்று வலிமையானது. உரோமர் கால எச்சங்களுக்கு மேலும், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதெல்ரெட் மன்னன் எழுப்பிய சாந்துச் சுவருக்குக் கீழும் அவ்வரண் அமைந்திருப்பதை மண்ணடுக்கே காட்டுகிறது.

இரண்டாவது கூற்றின் நிலை வேறு. மண்டபத்திற்குத் தளம் இல்லை, அடுப்பும் இல்லை. நூற்றுக்கணக்கான குழிகளுக்கிடையே சிலவற்றைத் தெரிந்து இணைத்ததன் விளைவே அதன் வரைபடம். அதன் காலம், உட்சுவர்ச்சால் ஒன்றில் கிடைத்த இறக்குமதிக் கல ஓடுகளைச் சார்ந்துள்ளது. ஒரு சாலில் கிடைக்கும் ஓடு அச்சால் எக்காலத்திற்கு முற்பட்டதன்று என்பதை மட்டுமே உணர்த்தும். எக்காலத்திற்குப் பிற்பட்டதன்று என்பதை உணர்த்தாது. பழைய ஓடுகள் பிற்காலக் குழிகளில் புகுவது பல்லாயிரம் ஆண்டுகள் புழங்கிய இடத்தில் இயல்பு.

ஆல்காக்கின் சார்பில் ஒன்றைக் கூறலாம். இறக்குமதி ஓடுகள் அப்பகுதியில் செறிந்திருந்தன. சுவர்ச்சாலின் ஓடுகளை அச்செறிவோடு இணைத்துப் பார்க்கும்போது மண்டபத்தின் காலம் பொருந்திவருகிறது. இவ்வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. சரிவில் உழவு ஓடுகளைக் கீழ்நோக்கி நகர்த்தும். சமதளத்தில் அந்நகர்வு குறைவு. எனவே உச்சியின் சமப்பகுதியில் ஓடுகளின் செறிவு பழைய புழக்கத்தின் மங்கிய வரைபடமாக இருத்தல் கூடும். ஆனால் அச்செறிவு உணர்த்துவது அங்கு மக்கள் மதுச்சாடிகளைப் பயன்படுத்தினர் என்பதையே. குறிப்பிட்ட அக்கட்டடத்தின் வடிவத்தை அன்று. செறிவிலிருந்து மண்டபத்திற்கும், மண்டபத்திலிருந்து தலைவனுக்கும் செல்லும் ஒவ்வொரு படியிலும் சான்றின் வலு குறைகிறது; நூலின் நடையிலோ உறுதி குறையவில்லை.

வினாவின் செல்வாக்கு இதற்கு ஒரு காரணம். கேமலாட் என்னும் பெயர் நிதியையும் மக்களின் ஆர்வத்தையும் ஈட்டித் தந்தது. அதற்கு ஈடாக, விடையின் வடிவத்தையும் ஓரளவு முன்னமே வகுத்தது. ஆல்காக் தம் 1982ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் இவ்விடத்தை மறுநோக்குக்கு உட்படுத்தி ஆர்தர் தொடர்பிலிருந்து விலகி நின்றார். அவ்விலகலில் ஆய்வு நேர்மை உண்டு. ஆயினும் அவர் கைவிட்டது மன்னனின் பெயரை மட்டுமே. மண்டபத்தின் வரைபடம் 1995ஆம் ஆண்டு நூலிலும் தொடர்கிறது.

இரு நூல்கள், ஒரே உழுமண்

முதன்மையாக ஓர் இரும்புக் கால அரணாகிய இவ்விடத்தின் தொல்பழங்கால முடிவுகள் அகழாய்வு முடிந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2000இல்தான் முழுமையாக வெளிவந்தன. ஜான் பாரெட், ஃப்ரீமன், ஆன் உட்வர்ட் ஆகியோர் உருவாக்கிய அந்நூல், பிறர் அகழ்ந்த குறிப்பேடுகளையும் பெட்டிகளையும் கொண்டு எழுதப்பட்டது. எஞ்சிய பொருள் எந்த வழியாக அவ்விடம் சேர்ந்தது எனக் கேட்பதும், அரண் எழுப்புதலைப் போர்த்தேவையாக மட்டும் கொள்ளாது சமூகச் செயலாகக் காண்பதும் அதன் சிறப்புகள்.

குறை, நூல்களின் பகுப்பில் உள்ளது. 1995ஆம் ஆண்டு நூல் முன்னிடைக்காலத்தையும், 2000ஆம் ஆண்டு நூல் அதற்கு முந்தைய காலங்களையும் எடுத்துக்கொண்டன. காலத்தால் பகுக்கத்தக்கவை குழிகளும் அரண்களும். உழுமண்ணோ எல்லாக் காலங்களுக்கும் பொதுவானது. அதிலிருந்து ஒவ்வொரு நூலும் தனக்குரிய ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டபோது, அவை எவற்றோடு கலந்து கிடந்தன என்னும் உறவு இரு நூல்களுக்கும் வெளியே நின்றுவிட்டது. ஒரு தூண்குழி இரும்புக் காலத்ததா, ஆறாம் நூற்றாண்டினதா என்னும் ஐயம் எழும்போது அதனைத் தீர்க்க வேண்டிய இடமும் இதுவே.

1992இல் தொடங்கிய தென் கேட்பரிச் சுற்றுப்புற ஆய்வுத் திட்டம் இக்குறையை வேறொரு திசையிலிருந்து அணுகியது. குன்றைச் சூழ்ந்த வயல்களில் கட்டம் வகுத்து உழுமண்ணை மாதிரி எடுத்தல், புவி இயற்பியல் அளவாய்வு, சோதனைக் குழிகள் ஆகிய மூன்றும் அங்கு இணைக்கப்பட்டன. உழுமண் அகற்றப்பட வேண்டிய கழிவு அன்று, அளக்கப்பட வேண்டிய சான்று என்னும் கொள்கை அங்குச் செயல்வடிவம் பெற்றது. 1997இல் குன்றின் அடிச்சரிவில், தூர்ந்துபோன அகழியொன்றில், வேண்டுமென்றே குத்தித் துளைக்கப்பட்ட வெண்கலக் காலக் கேடயம் கிடைத்தது. உழவுக்கடியில் மெல்லிய உலோகத்தகடும் எஞ்சக்கூடும் என்பதற்கு அது சான்று.

முடிவுரை

இம்மதிப்பீட்டிலிருந்து பெறப்படும் நெறி எளியது. உழவால் சிதைந்த தொல்லிடத்தைப் பற்றிய ஒவ்வொரு கூற்றும், அது எவ்வகை மண்ணிலிருந்து பெறப்பட்டது என்பதைத் தன்னுடன் கொண்டிருத்தல் வேண்டும். கேட்பரியின் மறுவலுவூட்டப்பட்ட அரண் மண்ணடுக்கின் முடிவு; இறக்குமதிக் கலங்களின் புழக்கம் பரவலின் முடிவு; மண்டபம் தெரிவின் முடிவு. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் ஒரே உறுதியுடன் கூறும் வழக்கம் பாடநூல்களில் இன்றும் தொடர்வது கைவிடத்தக்கது.

இது கேட்பரியோடு முடிவதன்று. பிரித்தானியாவில் 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின்கீழ், முன்பே உழவு நிகழ்ந்துவந்த பாதுகாக்கப்பட்ட இடங்களில் அது தொடர்வதற்குப் பொது இசைவு உள்ளது. ஒவ்வொரு பருவத்திலும் கொழு சற்றே ஆழ்ந்தாலும், குழிகளின் எஞ்சிய அடிப்பகுதி உழுமண்ணில் கலக்கிறது. ஆல்காக்கின் மண்டபத்தை மீண்டும் சோதிக்கத் தேவையான சான்று உச்சியின் அகழப்படாத பகுதிகளில்தான் உள்ளது. அதனைக் காப்பதும், உழுமண்ணை முழுமையாகப் பதிவு செய்வதும், பழைய வரைபடங்களை மறுப்பதற்கும் ஏற்பதற்கும் ஒருங்கே இன்றியமையாதவை.